412 மேற்கோள்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கேள்வி: கடலோர மாவட்டம் ஒன்றில் அரசு உதவிபெறும் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பாக் விரிகுடாவின் கடற்புல் படுகைகள்தான் என் ஆய்வு. ஏஎன்ஆர்எஃப் என்ற தேசிய ஆய்வு நிதி அமைப்பின் நிதிக்கு ஒரு புரபோசல் எழுதுகிறேன். அதில் முந்தைய ஆய்வின் தாக்கத்தை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. இதுவரை 17 கட்டுரைகள்; நடுவில் குழந்தைக்காக விடுப்பு எடுத்தேன். கூகுள் ஸ்காலரில் 412 சைட்டேஷன் (மேற்கோள்), எச்-இண்டெக்ஸ் 10, அதாவது தலா 10 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 10. ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் தேடினால் எச்-இண்டெக்ஸ் 6 என்கிறது. இதே கல்லூரியில் நானோ பொருட்களில் ஆய்வு செய்யும் சக பேராசிரியருக்கு 4,000 சைட்டேஷனுக்கு மேல். "கட்டுரை வந்த ஜர்னல்களின் இம்பாக்ட் ஃபாக்டரை எல்லாம் கூட்டி மொத்தமாகப் போடுங்கள், எடுப்பாக இருக்கும்" என்கிறார் அவர். 412 என்று எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. போன வருடம் வந்த இரண்டு கட்டுரைகளுக்கு ஒரு சைட்டேஷன்கூட இல்லை. தெரிந்தவர்களிடம் சொல்லி மேற்கோள் காட்டச் சொல்வது தவறா? என் முக்கியமான கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலையும் புரபோசலின் வரைவையும் இணைத்திருக்கிறேன். என் வரைபடத்தை ஓர் அரசுத் துறை தன் மேலாண்மைத் திட்டத்தில் பயன்படுத்தியிருக்கிறது.

பதில்: அன்புள்ள பேராசிரியருக்கு, வணக்கம்.

412-ஐ எழுதக் கூச்சப்பட வேண்டாம். அதை மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கவும் வேண்டாம். பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வு மதிப்பீட்டுப் பிரிவில் இருப்பதால், அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லி புரபோசல்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானவற்றில் தாக்கம் என்ற தலைப்பின் கீழ் மூன்று எண்கள் இருக்கும்: மொத்த மேற்கோள், எச்-இண்டெக்ஸ், இம்பாக்ட் ஃபாக்டர். படிக்கிற மதிப்பீட்டாளருக்கு அதிலிருந்து கிடைப்பது மிகக் குறைவு. யார், எங்கே, உங்கள் ஆய்வை எடுத்து என்ன செய்தார்கள் என்று ஒரு வரி இருந்தால் அவர் அந்த இடத்தில் நின்று படிப்பார். அந்த வரிக்கான சரக்கு உங்களிடம் நிறையவே இருக்கிறது என்பது நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்ததும் தெரிந்தது.

அதற்கு முன் ஒரு வீட்டு வேலை. ஸ்கோபஸ் ஏன் 6 என்கிறது தெரியுமா? அதன் கணக்கில் நீங்கள் மூன்று ஆட்கள்! 2014 வரை அப்பாவின் இனிஷியலோடு எழுதியிருக்கிறீர்கள். திருமணத்துக்குப் பின் கணவரின் இனிஷியல். நடுவில் ஒரு ஜர்னல் முழுப்பெயர் கேட்டதால் இனிஷியலை விரித்துக் கொடுத்திருக்கிறீர்கள். அவர்கள் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, உங்கள் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். கணினிக்கு இவர்கள் வேறு வேறு மனிதர்கள். தமிழ்ப் பெயர் வைத்திருக்கும் ஆய்வாளர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இது தீராத தொல்லை. குடும்பப் பெயர் என்ற ஒன்று எல்லோருக்கும் உண்டு என்று நினைத்துக் கட்டப்பட்ட தரவுத்தளங்களில் நாம் உடைந்துதான் போகிறோம். எதிர்ப்பக்கமும் உண்டு: 'குமார், எஸ்.' என்று தேடினால் ஒரே பெயருக்குள் ஊர்ப்பட்ட ஆட்கள் கலந்து கிடப்பார்கள். யாரோ ஒருவருடைய கட்டுரை உங்கள் கணக்கில் ஏறியிருக்கவும் வாய்ப்புண்டு. அப்படி ஏறியதை எடுத்துவிடாமல் புரபோசலில் போட்டு, மதிப்பீட்டாளர் கண்டுபிடித்தால் அசிங்கமாகிவிடும்.

சரிசெய்வது கடினமில்லை. ஆர்கிட் எண் இல்லையென்றால் இன்றே எடுங்கள். ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனி அடையாள எண் தரும், 2012-லிருந்து இருக்கும் இலவச ஏற்பாடு அது. உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் அதில் ஏற்றி, 17 கட்டுரைகளையும் அதனோடு இணையுங்கள். ஸ்கோபஸில் சந்தா இல்லாமலே ஆசிரியர் பெயரைத் தேடிப் பார்க்க முடியும். பிரிந்து கிடக்கும் கணக்குகளை ஒன்றாக்கச் சொல்லி அங்கேயே விண்ணப்பிக்கலாம். உடனே நடந்துவிடாது, கடைசித் தேதிக்கு முந்தின வாரம் ஆரம்பித்தால் பயனில்லை. வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளத்திலும் இதே வேலையைச் செய்துவிடுங்கள். உங்கள் மூன்று கணக்குகளையும் நான் சேர்த்துப் பார்த்ததில் ஸ்கோபஸ் எச்-இண்டெக்ஸ் 8, மேற்கோள் 263 வருகிறது.

263-க்கும் 412-க்கும் ஏன் இத்தனை இடைவெளி என்று கேட்பீர்கள். ஸ்கோபஸ், தான் தேர்ந்தெடுத்த ஜர்னல்களையும் புத்தகங்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் மட்டும் எண்ணுகிறது. கூகுள் ஸ்காலர் இணையத்தில் ஆய்வுக் கட்டுரை போலத் தெரிகிற எல்லாவற்றையும் எண்ணும்: முனைவர் பட்ட ஆய்வேடு, துறை அறிக்கை, ஜர்னலில் வருவதற்கு முன்பே இணையத்தில் போடும் முன்பதிப்பு, சில நேரம் ஒரே கட்டுரையின் இரண்டு நகல்கள். இதில் நல்லதும் உண்டு. உங்கள் துறையில் ஆய்வேடுகளும் அரசு அறிக்கைகளும் முக்கியம். அவை ஸ்காலரில்தான் கிடைக்கும். ஆனால் சரிபார்ப்பு கிடையாது. 2024-ல் இரண்டு ஆய்வாளர்கள் லாரி என்ற பூனையின் பெயரில் அர்த்தமில்லாத கட்டுரைகளைத் தயாரித்து, அவற்றை மேற்கோள் காட்ட இன்னும் சில போலிக் கட்டுரைகளையும் இணையத்தில் ஏற்றினார்கள். கொஞ்ச நாளில் கூகுள் ஸ்காலர் அந்தப் பூனைக்கு 132 மேற்கோளும் எச்-இண்டெக்ஸ் 11-ம் கொடுத்துவிட்டது. மன்னிக்கவும், உங்களைவிட ஒன்று கூடுதல்.

எண் எழுதும் இடத்திலெல்லாம் எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி என்று சேர்த்து எழுதுங்கள். ஒரு வரியில் ஸ்காலர் எண், அடுத்த வரியில் ஸ்கோபஸ் எண் என்று கலக்க வேண்டாம். கல்லூரியில் சந்தா இல்லையென்றால் ஓப்பன்அலெக்ஸ், லென்ஸ், டைமென்ஷன்ஸின் இலவசப் பதிப்பு ஆகிய மேற்கோள் தரவுத்தளங்கள் உண்டு. ஓப்பன்அலெக்ஸ் 2022-ல்தான் வந்தது என்றாலும், சின்ன ஜர்னல்களை அது பிடிக்கிற அளவுக்குப் பழைய தளங்கள் பிடிப்பதில்லை.

இம்பாக்ட் ஃபாக்டர் விஷயத்துக்கு வருவோம். நண்பர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பதவி உயர்வுக்கான 2018 யூஜிசி விதிமுறையில், ஜர்னலின் இம்பாக்ட் ஃபாக்டர் 1-க்குக் கீழ் என்றால் கட்டுரைக்கு 10 மதிப்பெண், 1 முதல் 2 வரை 15, 2 முதல் 5 வரை 20 என்று ஏறிக்கொண்டே போய் 10-க்கு மேல் இருந்தால் 30 வரை உண்டு. வருடக்கணக்காக அந்தப் படிவத்தை நிரப்பிய கைக்கு, எந்தப் படிவத்தைப் பார்த்தாலும் கூட்டத்தான் தோன்றும். ஆனால் இம்பாக்ட் ஃபாக்டர் என்பது ஜர்னலைப் பற்றியது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு சராசரியாக எத்தனை மேற்கோள் கிடைத்தது என்பதைத்தான் அது சொல்கிறது. அவற்றைக் கூட்டிப் போடுவது, குடியிருந்த தெருக்களின் சராசரிச் சம்பளத்தையெல்லாம் கூட்டி என் வருமானம் என்று காட்டுவதற்குச் சமம்.

சராசரி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குப் படிகவியலில் ஒரு நல்ல கதை உண்டு. ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா என்ற ஜர்னலின் ஏ பிரிவுக்கு 2008-ல் இம்பாக்ட் ஃபாக்டர் சுமார் 2. அடுத்த ஆண்டு கிட்டத்தட்ட 50. நடந்தது இவ்வளவுதான்: ஷெல்எக்ஸ் என்ற மென்பொருளைப் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008-ல் அங்கே ஒரு கட்டுரை எழுதினார், அந்த மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் அதை மேற்கோள் காட்டினார்கள். அதே ஆண்டில் அதே ஜர்னலில் எழுதிய மற்றவர்களின் கட்டுரைகள் ஒரே இரவில் 25 மடங்கு மேலாகிவிட்டனவா என்ன? இது விதிவிலக்கு என்று சொல்லவும் முடியாது. 2016-ல் வின்சென்ட் லாரிவியேரும் சில ஜர்னல் ஆசிரியர்களும் சேர்ந்து நேச்சர், சயின்ஸ் உள்ளிட்ட இதழ்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். பெரும்பாலான இதழ்களில் 65 முதல் 75 சதவீதக் கட்டுரைகள் அந்த இதழின் இம்பாக்ட் ஃபாக்டரைவிடக் குறைந்த மேற்கோளே பெற்றிருந்தன.

நிதி தரும் அமைப்புகள் பலவும் இப்போது இதில் உஷாராகிவிட்டன. 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உயிரணு உயிரியல் மாநாட்டில் உருவானது டோரா பிரகடனம். ஓர் ஆய்வாளரையோ கட்டுரையையோ ஜர்னலின் இம்பாக்ட் ஃபாக்டரை வைத்து எடைபோடக் கூடாது, நிதி வழங்கும்போதும் கூடாது என்பது அதன் முதல் பரிந்துரை. நம் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அதில் கையெழுத்திட்டிருக்கிறது. அமெரிக்காவின் மருத்துவ ஆய்வு நிதி அமைப்பான என்ஐஎச் 2015-லிருந்து விண்ணப்பதாரரிடம் முக்கியமான ஐந்து பங்களிப்புகள் வரை விவரித்து எழுதச் சொல்கிறது. ஜெர்மனியின் ஆய்வு நிதி அமைப்பான டிஎஃப்ஜி 2010-லேயே விண்ணப்பத்தில் காட்டும் கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு போட்டுவிட்டது. நம் ஊர்ப் படிவத்தில் இம்பாக்ட் ஃபாக்டருக்குத் தனிக் கட்டம் இருந்தால் அந்தக் கட்டத்தை நிரப்புங்கள், சண்டை போட வேண்டாம். அதை உங்கள் வாதமாக ஆக்காமல் இருந்தால் போதும்.

நானோ நண்பரின் 4,000-ஐ மனத்திலிருந்து இறக்கி வையுங்கள். பொருள் அறிவியலில் கட்டுரைகள் அதிகம், ஒவ்வொரு கட்டுரையிலும் மேற்கோள் பட்டியல் நீளம், பழையதை விட்டுப் புதியதை மேற்கோள் காட்டும் வேகமும் அதிகம். கடற்புல் உலகம் சின்னது, மெதுவாக நகர்வது. எச்-இண்டெக்ஸை 2005-ல் கொண்டுவந்த இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ், அதே கட்டுரையில் துறைக்குத் துறை எண் மாறும் என்று எழுதியிருக்கிறார். எண்ணை எடுத்துக்கொண்டவர்கள் அந்தப் பத்தியை விட்டுவிட்டார்கள். தவிர எச்-இண்டெக்ஸ் ஏறுமே தவிர இறங்காது. வயதுக்குக் கிடைக்கும் மரியாதையும் அதில் கலந்திருக்கிறது. நடுவில் குழந்தைக்காக விடுப்பு எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். படிவத்தில் பணி இடைவெளிக்கு இடம் இருந்தால் அதைத் தயங்காமல் குறிப்பிடுங்கள்.

உங்கள் குழுவில் உட்காரும் மதிப்பீட்டாளர்களில் ஒருவர் வேதியியல்காரராக, இன்னொருவர் மரபியல்காரராக இருக்கலாம். உங்கள் முக்கியமான 2018 கட்டுரைக்குக் கிடைத்த 61 மேற்கோள் கடற்புல் துறையில் நல்ல எண் என்பது அவர்களுக்குத் தெரியாது; நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதற்கு ஸ்கோபஸில் எஃப்டபிள்யூசிஐ என்று ஓர் அளவு இருக்கிறது. அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்வது. 1 என்றால் சராசரி. கேட்க நன்றாக இருந்தாலும் உங்களுக்கு இதில் இரண்டு சிக்கல்கள். வெளியான ஆண்டையும் அடுத்த மூன்று ஆண்டுகளையும் மட்டுமே அது எண்ணும். உங்கள் 2018 கட்டுரைக்குப் பாதிக்கு மேல் மேற்கோள் அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறது. அப்புறம், 17 கட்டுரைகளுக்குச் சராசரி எடுத்தால் ஒரே ஒரு கட்டுரை முழுக் கணக்கையும் தூக்கிவிடும் அல்லது கவிழ்த்துவிடும். அதனால் கட்டுரை வாரியாகச் சதமானம் காட்டுங்கள். உங்கள் 2018 கட்டுரையின் பக்கத்தில் மேற்கோள் 61 என்பதற்குப் பக்கத்திலேயே 91-வது சதமானம் என்று ஸ்கோபஸ் காட்டுகிறது. ஒப்பிட்ட கட்டுரைகளில் நூற்றுக்கு 91 இதைவிடக் குறைவாகவே மேற்கோள் பெற்றவை என்று பொருள். வேதியியல்காரருக்கு இது புரியும். 412 புரியாது.

இனி அசல் வேலை: அந்த 61 பேர் என்ன சொன்னார்கள் என்று படிப்பது. இதைத்தான் யாரும் செய்வதில்லை. மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை யூஜின் கார்ஃபீல்ட் 1955-ல் சயின்ஸ் இதழில் முன்வைத்தபோது, மதிப்பெண் போடுவதை அவர் முன்னிறுத்தவில்லை. ஒரு கட்டுரையைப் பின்னால் வந்தவர்கள் எங்கே விமர்சித்தார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும், பிழையான தரவை யாரும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாளக் கூடாது என்பதுதான் அவர் கவலை. மேற்கோள் என்றாலே பாராட்டு இல்லையே. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998-ல் லான்செட்டில் வந்து, 2010-ல் திரும்பப் பெறப்பட்ட வேக்ஃபீல்டின் கட்டுரைக்கு ஆயிரத்துக்கு மேல் மேற்கோள் உண்டு. பெரும்பாலானவை அதை மறுக்க எழுதப்பட்டவை.

உங்கள் பட்டியலை நான் பிரித்த விதத்தைச் சொல்கிறேன், நீங்களும் சரிபாருங்கள். 61-ல் 9 உங்கள் குழுவின் சொந்த மேற்கோள். மீதி 52. அதில் 29 போகிற போக்கில் வந்தவை: முன்னுரையில் 'கடற்புல் படுகைகள் கார்பனைச் சேமிக்கின்றன' என்ற வாக்கியத்துக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஏழெட்டுப் பெயர்கள், அதில் உங்கள் பெயரும் ஒன்று. ஐந்து கட்டுரைகள் தங்கள் பரப்பளவுக் கணக்கை உங்கள் கணக்கோடு ஒப்பிட்டிருக்கின்றன. 17 கட்டுரைகள் உங்கள் முறையையே எடுத்துக் கையாண்டிருக்கின்றன. ஒரு கட்டுரை உங்களோடு முரண்படுகிறது.

அந்த 17-தான் தங்கம். செய்முறைப் பகுதியைத் திறந்து பாருங்கள்: மீன்பிடிப் படகின் பின்னால் கேமராவைக் கட்டி இழுத்து, கிடைத்த படத்தை சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தும் உங்கள் வழியை அப்படியே பின்பற்றியிருக்கிறார்கள். சென்டினல்-2 படங்கள் இலவசம், பத்து மீட்டர் நுணுக்கம், இரண்டு செயற்கைக்கோள்களுமாகச் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வரும். இதோடு நாட்டுப் படகையும் சேர்த்தால், முக்குளிப்பவர்களுக்குச் செலவழிக்க முடியாத நாடுகளுக்கும் கடற்புல் வரைபடம் எட்டும். அதனால்தான் 17-ல் பெரும்பாலானவை இலங்கை, இந்தோனேசியா, கென்யா என்று போகின்றன. இதை உங்கள் வரைவில் எங்குமே நீங்கள் சொல்லவில்லை!

அந்த முரண்பட்ட ஒன்றை மறைக்கத் தோன்றும். மறைக்காதீர்கள். கலங்கல் நீரில் உங்கள் முறை பரப்பைக் குறைத்துக் காட்டுகிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் பாக் விரிகுடாவின் நிறத்தைப் பார்த்தவர் யாரும் அதை மறுக்க முடியாது. உங்கள் புதிய புரபோசலின் இரண்டாவது நோக்கமே கலங்கல் காலத் திருத்தம்தானே? அது ஏன் தேவை என்பதற்கு நீங்களே பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, வெளியார் ஒருவர் உங்கள் குறையைச் சுட்டிக்காட்டினார் என்பது வலுவான சான்று.

நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். பொருள் இப்படி இருக்கட்டும்:

"2018-ல் வெளியான எங்கள் கட்டுரை, படகில் இழுக்கும் கேமராவையும் சென்டினல்-2 படங்களையும் இணைத்து ஆழம் குறைந்த கடலில் கடற்புல் பரப்பை அளக்கும் செலவு குறைந்த முறையை முன்வைத்தது. சொந்த மேற்கோள்கள் நீங்கலாக 52 கட்டுரைகள் இதைக் குறிப்பிடுகின்றன (ஸ்கோபஸ், இன்ன தேதி நிலவரம், 91-வது சதமானம்). இவற்றில் 17, இலங்கை, இந்தோனேசியா, கென்யா உள்ளிட்ட நாடுகளில் இம்முறையை நேரடியாகக் கையாண்டவை. கலங்கல் நீரில் இம்முறை பரப்பைக் குறைத்து மதிப்பிடுவதாக ஒரு குழு காட்டியுள்ளது. அதைத் திருத்துவதே இத்திட்டத்தின் இரண்டாவது நோக்கம்."

இவ்வளவு போதும். ஐந்து வாக்கியம். எண்கள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றுக்குச் சான்றாக நிற்கிறது. இதே மாதிரி இன்னும் இரண்டு கட்டுரைகளுக்கு எழுதுங்கள். உங்கள் 17 கட்டுரைகளுக்கும் எழுத உட்காராதீர்கள். மதிப்பீட்டாளருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மேற்கோள்களை வகைபிரித்த எக்செல் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நேர்முகத்தில் யாராவது "முறையைக் கையாண்டவை 17 என்பது எப்படி?" என்று கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

மேற்கோள் கணக்கில் வராத பயன்பாட்டையும் தேடிப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பிறந்தது ராமச்சந்திரன் வரைபடம். இன்று உலகில் எங்கே ஒரு புரத வடிவத்தைக் கண்டுபிடித்தாலும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் 1963 கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை; பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் தெரியுமே. நம் நிலை அந்த உயரத்தில் இல்லை என்றாலும், தரவையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு கட்டுரையைக் குறிப்பிடாமல் விடுவது உங்கள் துறையிலும் நடக்கிறது. உங்கள் கடற்புல் பதிவுகளை, எந்த உயிரினம் எங்கே காணப்பட்டது என்ற தரவைத் திரட்டும் ஜிபிஐஎஃப் தளத்தில் ஏற்றினால், யார் அதை இறக்கி எந்தக் கட்டுரையில் பயன்படுத்தினார்கள் என்பதை அந்தத் தளமே பின்தொடர்ந்து எண்ணிச் சொல்லும். இப்போது ஏற்றினால் இந்த விண்ணப்பத்துக்கு உதவாது, அடுத்ததற்கு உதவும்.

தெரிந்தவர்களிடம் மேற்கோள் கேட்கலாமா என்றீர்கள். வேண்டாம். கட்டுரையை அனுப்பி, "உங்கள் வேலைக்குத் தொடர்பிருக்கும், பாருங்கள்" என்று சொல்வதில் தவறே இல்லை. அது இயல்பான கல்விப் பழக்கம். மேற்கோள் போடச் சொல்லிக் கேட்பது வேறு. அதிலும் சின்னத் துறைகளில் பத்துப் பேர் கைகோத்தாலே எண் தாறுமாறாக ஏறிவிடும். கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் அதிகம் மேற்கோள் பெற்ற ஆய்வாளர் பட்டியலில், 2023-ல் கணிதத் துறையையே நீக்கியதற்கு இதுதான் காரணம்: மேற்கோள் குறைவான துறை, சுலபமாக வளைத்துவிடலாம். சின்ன வட்டத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். உங்கள் புரபோசல் போய்ச் சேரப்போவதும் அந்த வட்டத்தில் ஒருவரிடம்தான்.

சொந்த மேற்கோள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. 61-ல் 9 என்பது சாதாரணம். ஒரே படுகையை வருடக்கணக்காகப் பார்ப்பவர் தன் பழைய கட்டுரையைக் குறிப்பிடாமல் எப்படி எழுத முடியும்? அதைக் கழித்துவிட்டு 52 என்று நீங்களாகவே எழுதினால் நம்பகம் கூடும். ஸ்டான்ஃபோர்டின் ஜான் ஐயோனிடிஸ் குழு வெளியிடும் பட்டியலில்கூட, அதாவது நம் கல்லூரி வாசல்களில் 'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானி' என்று ஃப்ளெக்ஸ் வைக்கிறார்களே அதே பட்டியலில், சொந்த மேற்கோளோடு ஒரு கணக்கும் அது இல்லாமல் ஒரு கணக்கும் தனித்தனியாக இருக்கும். ஃப்ளெக்ஸில் அது வருவதில்லை.

போன வருடக் கட்டுரைகளுக்கு மேற்கோள் இல்லாதது கவலைப்படும் விஷயமே இல்லை. உங்கள் துறையில் ஒருவர் இப்போது படித்து, அடுத்த பருவத்தில் களம் போய், எழுதி, அது அச்சேற இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். அந்த இரண்டையும் தாக்கம் என்ற தலைப்பில் இழுக்காமல், இந்தத் திட்டத்துக்கான ஆரம்பத் தரவு என்ற இடத்தில் வையுங்கள். அங்கே அவற்றுக்கு மேற்கோள் தேவையில்லை.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: உங்கள் வரைபடத்தை ஓர் அரசுத் துறை தன் மேலாண்மைத் திட்டத்தில் பயன்படுத்தியதாக. இதை ஏன் ஒளித்து வைத்தீர்கள்? 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசு தின்பது கடற்புல்லை. அந்தக் கடலில் புல் எங்கே, எவ்வளவு என்று சொல்லும் வரைபடம் ஓர் அரசு ஆவணத்தில் ஏறியிருக்கிறது என்றால், அது என் கண்ணில் 52 மேற்கோளுக்கும் மேல். ஆனால் வாய்ச்சொல்லாக எழுதினால் எடுபடாது. ஆவணத்தின் தலைப்பு, ஆண்டு, பக்க எண் வேண்டும். கட்டுரையின் பெயர் அதில் குறிப்பிடப்படவில்லை, வரைபடம் மட்டும்தான் இருக்கிறது என்றால், அந்த அலுவலகத்திலிருந்து இரண்டு வரிக் கடிதம் வாங்கி இணையுங்கள். அதிகாரி மாற்றலாகிப் போவதற்குள் கேட்டுவிடுங்கள். கையெழுத்துக்கு நான்கு மேசை தாண்ட வேண்டியிருக்கும். ஸ்கோபஸ் விண்ணப்பத்தை அனுப்பும் அதே நாளில் இந்தக் கடிதத்துக்கும் எழுதிப் போடுங்கள்.